மனநலக் கவுன்சிலிங் போகத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் போனிலிருந்து கடைசி செஷன் வரை, டெல்டாக்காரர்களுக்கான முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் கவுன்சிலிங்குக்கு முதல்முறை போகிறவர்களுக்குத் துணையாகப் போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழகிப்போன வேலை. அதற்கு முன்னால் நானே உள்ளே உட்கார்ந்து பேசியும் இருக்கிறேன். என் கண்முன் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது, மூன்றாவது செஷனோடுதான் விட்டார்கள். சொன்ன காரணமும் ஒன்றுதான்: "நாமளே பேசிக்கிட்டு இருக்கோம், அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க."

சோசியரிடம் போனாலும் ஊர்ப் பெரியவரிடம் போனாலும் அன்றைக்கே ஒரு பதில் கையில் கிடைத்துவிடும். கவுன்சிலிங் அப்படி நடக்காது. முதல் சில வாரங்கள் கேள்வியிலேயே கழியும். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் பாதியில் விடுவதில்லை. கீழே உள்ள வரிசையும் அந்த முதல் நான்கு செஷனைத் தாண்ட வைப்பதற்கானதுதான்.

1. முதலில், இது அவசரமா என்று பாருங்கள்

சில நிலைமைகளில் கவுன்சிலிங் போன்ற பேச்சு சிகிச்சைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, இல்லாத குரல் காதில் கேட்பது, நாலைந்து இரவாகத் தூக்கமே இல்லாமல் பரபரப்பாக இருப்பது, பிரசவமான பெண்ணுக்குத் திடீரென்று குழப்பமும் பயமும் வருவது, தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்திக் கை நடுங்கி உளறுவது. இவற்றுக்கு முதலில் டாக்டர்தான்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எந்த நேரத்திலும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104-ம் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் 108.

விவசாய வீடுகளுக்கு ஒரு வார்த்தை. மனசு சரியில்லாத ஆள் வீட்டில் இருக்கும்போது பூச்சிமருந்து டப்பா திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ இருக்கக் கூடாது. கொஞ்ச நாளைக்கு வேறு வீட்டில், பூட்டி வையுங்கள். சாகும் எண்ணம் உச்சத்தில் இருப்பது பலருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே உயிரைக் காப்பாற்றும்.

ஏற்கெனவே ஒரு முறை தற்கொலைக்கு முயன்றிருந்தால், "போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மறைக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொண்டு, அவருக்குச் சிகிச்சை தரச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

2. யார் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

போர்டில் "மனநலம்" என்று இருப்பதை மட்டும் பார்த்து உள்ளே போகாதீர்கள். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு சிகிச்சையும் மனநலப் பரிசோதனைகளும் செய்வார். மாத்திரை எழுத மாட்டார். பெரிய ஆஸ்பத்திரிகளில் மனநல சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். குடும்பத்தோடு பேசுவது, உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றுக்கு அவரைப் பிடிக்க வேண்டும்.

நான்காவது வகைதான் கவுன்சிலர். உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்துப் பயிற்சி பெற்ற நல்ல கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். வார இறுதி வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் கேட்டுவிட வேண்டும்: என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள்? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்பவரிடம் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேட்கலாம். அவர்கள் இணையதளத்தில் சரிபார்க்கவும் முடியும். ஒழுங்கானவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

யாரிடம் போவது என்று புரியவில்லையா? முதல் முறை சைக்யாட்ரிஸ்டிடமே போங்கள் என்பது என் கட்சி. தைராய்டு கோளாறோ ரத்தசோகையோ பி12 குறைவோகூட சோர்வு, பதற்றம், தூக்கமின்மை என்று வரலாம். டாக்டர் அதை ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுவார். உடம்பில் இருக்கும் கோளாறுக்கு மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

3. எந்த வாசலில் நுழைவது

அரசு வழி: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சி அரசு மருத்துவமனை, திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில் மனநலப் பிரிவு உண்டு. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வரும். எந்த நாள் என்பதை உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். கேட்காமல் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். செலவில்லை. ஆனால் கூட்டம் அதிகம் என்பதால் ஒரு ஆளுக்கு முக்கால் மணி நேரம் கிடைப்பது கடினம். "பேசணும், தனியா நேரம் வேணும்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால், சைக்காலஜிஸ்டிடம் தனியாக ஒரு நாள் வரச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிட வாய்ப்புண்டு.

தனியார் வழி: நேரம் கிடைக்கும், காசு ஆகும்.

போன், வீடியோ வழி: ஊரில் ஆள் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழிதான். சிக்கல் என்னவென்றால், நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினாலே விசாரணை ஆரம்பித்துவிடும். மொட்டைமாடி, சிக்னல் கிடைக்கும் மோட்டார் கொட்டகை, நிறுத்தி வைத்த கார் என்று ஓரிடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஹெட்போன் கட்டாயம். முதல் இரண்டு முறையாவது நேரில் பார்த்துவிட்டு அப்புறம் போனுக்கு மாறுவது நல்லது. முகம் பழகிய பிறகு போனில் பேச வாய் எளிதாகத் திறக்கும்.

"யாராவது பாத்துட்டா?" என்ற பயத்தில் மயிலாடுதுறைக்காரர் திருச்சியில் ஆள் தேடுவார். மாதம் ஒரு முறை என்றால் சரி. வாரா வாரம் அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வர ஒரு மாதத்துக்கு மேல் உடம்பு ஒத்துழைக்காது. பக்கத்து டவுனோடு நிறுத்துங்கள்: திருவாரூர்க்காரருக்குத் தஞ்சாவூர், தஞ்சாவூர்க்காரருக்குக் கும்பகோணம். தெரிந்தவரை ஓ.பி. வரிசையில் பார்த்தால் அவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார்.

4. போனில் இவற்றைக் கேட்டுவிடுங்கள்

முதல் போனில் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டாம். எடுப்பவர் வரவேற்பில் இருப்பவராக இருக்கலாம். இவ்வளவு போதும்: "வணக்கங்க. நாலு மாசமா தூக்கம் சரியில்ல, வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு படபடங்குது. முதல் தடவையா வர்றேன். எப்ப வரலாம்?"

அப்புறம் கேளுங்கள்: ஒரு செஷன் எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம், வர முடியாவிட்டால் எவ்வளவு நேரம் முன்னால் சொல்ல வேண்டும், சொல்லாமல் விட்டால் பணம் போகுமா? கட்டணத்தைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள்தான் மூன்றாவது வாரம் கை கடித்து நின்றுவிடுகிறார்கள். குறைந்தது எட்டு செஷனுக்காவது தாக்குப்பிடிக்குமா என்று கணக்குப் போடுங்கள். தாங்காது என்று தெரிந்தால் குறைக்க முடியுமா என்று அப்போதே கேட்கலாம், சிலர் குறைப்பார்கள்.

பெண் கவுன்சிலர்தான் வேண்டும் என்றாலும் இப்போதே சொல்லுங்கள். போய் உட்கார்ந்த பிறகு சொல்வது இரண்டு பேருக்கும் சங்கடம்.

5. போவதற்கு முன் ஒரே ஒரு தாள்

உள்ளே போனதும் மண்டை காலியாகிவிடும். எல்லோருக்கும் நடப்பதுதான். அதனால் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: எது தொந்தரவு, எப்போதிலிருந்து, அந்தச் சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது, தூக்கமும் சாப்பாடும் எப்படி, குடி அல்லது புகையிலை உண்டா, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். நாட்டு மருந்து, சித்த மருந்து, மெடிக்கலில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை எல்லாம் இதில் சேரும்.

கடைசி வரியாக ஒன்று: "இது சரியானால் நான் என்ன செய்துகொண்டிருப்பேன்?" "நிம்மதியா இருப்பேன்" என்று எழுதினால் பயன் இல்லை; அதை அளக்க முடியாது. "தனியா பஸ் ஏறி ஒரத்தநாடு போய் வருவேன்", "கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன்" என்று எழுதுங்கள். பின்னால் இது வேலை செய்கிறதா என்று பார்க்க உங்கள் கையில் இருக்கப்போகும் அளவுகோல் இதுதான்.

துணைக்கு ஒருவர் வரலாம். ஆனால் அவர் வெளியே இருக்கட்டும்.

6. முதல் செஷன்: பெரும்பாலும் கேள்விகள்

சாதாரணமாக 45 முதல் 60 நிமிடம். அறையில் மேசை, நாற்காலி, ஒரு கடிகாரம். படுக்க வைக்க மாட்டார்கள், மயக்க மாட்டார்கள், ஷாக் கொடுக்க மாட்டார்கள். சிரிக்க வேண்டாம், இந்த மூன்றையும் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்லலாம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்றால் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும், மொத்த மதிப்பெண் 27. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7 என்று ஏழு கேள்விகள் கொண்ட இன்னொரு தாள். நல்ல பெயர் வாங்கத் தொந்தரவைக் குறைத்துப் போடாதீர்கள். சில வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். முதல் தாள் பொய்யாக இருந்தால் அந்த ஒப்பீடு கெட்டுவிடும்.

அப்புறம் குடும்பம், படிப்பு, வேலை, கல்யாணம், கடன், உடம்பு என்று கேள்விகள் வரும். சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும். கஜா புயலில் தென்னந்தோப்பு போனதைப் பற்றி எதற்கு இவ்வளவு நேரம் கேட்கிறார் என்று நினைப்பீர்கள். 2018 நவம்பரில் ஒரே இரவில் போன மரமும் அதற்குப் பின்னால் ஏறிய கடனும் இன்றைய தூக்கத்தோடு சேர்ந்திருக்கிறதா என்று அவர் தேடிக்கொண்டிருப்பார்.

"எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டால் நம் பக்கத்தில் அதற்கு வேறு பொருள் உண்டு. உங்கள் பிரச்சினையே சாதி மாறிய காதலோ, வேலை இடத்தில் நடந்த அவமானமோ என்றால் தயங்காமல் சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டால் மீதிக் கதை புரியாது. வெறும் ஆர்வத்தில் கேட்பதாகத் தோன்றினால், "இது எதுக்குங்க தேவைப்படுது?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அழுகை வந்தால் வரட்டும். எதிரே இருப்பவர் எழுந்து வந்து தோளைத் தட்ட மாட்டார், "அழாதீங்க" என்று அடக்கவும் மாட்டார். இரக்கம் இல்லாமல் அல்ல. அடக்கிவிட்டால் சொல்ல வந்தது அங்கேயே நின்றுபோகும் என்பதால்.

எல்லாவற்றையும் முதல் நாளே கொட்ட வேண்டியதில்லை. "அதைப் பத்தி இன்னொரு நாள் பேசலாமா?" என்றால் விட்டுவிடுவார்கள்.

7. ரகசியம் எது வரை

பேசுவதை வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்களுடைய நல்ல குணத்தைப் பொறுத்தது அல்ல. 2017 சட்டம் நோயாளிக்குத் தந்திருக்கும் உரிமை. உங்கள் அப்பா போன் பண்ணி "என்ன சொன்னான்?" என்று கேட்டாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்லக் கூடாது.

விதிவிலக்கு உண்டு. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், கோர்ட் கேட்டாலும் சொல்ல வேண்டி வரும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். முதல் நாளே இதை அவர் விளக்க வேண்டும். விளக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ரொம்பத் தெரிந்த குடும்பத்துக்காரரிடம் கவுன்சிலிங் போக வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அவர் வாய் திறக்காவிட்டாலும் அடுத்த விசேஷத்தில் அவரைப் பார்க்கும்போது உங்களுக்கு உறுத்தும்.

8. இரண்டு முதல் நான்கு வரை: ஆட்கள் விட்டு ஓடும் இடம்

முதல் செஷன் முடிந்து வெளியே வந்ததும் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். இரண்டாவதில் அந்த லேசு இருக்காது. மூன்றாவதில் சிலருக்குப் போனதைவிட மோசமாக இருக்கும். அடைத்து வைத்ததைத் திறந்தால் முதலில் அதுதான் வெளியே வரும். செஷன் முடிந்த கையோடு வேலைக்கோ விசேஷத்துக்கோ ஓடாதீர்கள். ஒரு டீ குடித்து, அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு பஸ் ஏறுங்கள். கலக்கம் நாள்கணக்கில் நீடித்தாலோ, சாகும் எண்ணம் வந்தாலோ அடுத்த செஷன் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

"அவங்க ஒண்ணும் சொல்லலையே" என்ற புகாருக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். புருஷனை விட்டுப் போகவா, நிலத்தை விற்கவா, வெளிநாட்டு வேலையை விட்டு வரவா என்பதற்கு அவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். சொன்னால் நாளைக்கு அது சரிவராமல் போகும்போது அனுபவிக்கப் போவது நீங்கள். முடிவெடுக்க விடாமல் உங்களைத் தடுப்பது பயமா, குற்ற உணர்ச்சியா, அசதியா என்று பிரித்துக் காட்டுவதுதான் அவர் வேலை.

ஆனால் அவர் வாயே திறக்காமல் தலையாட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சரியில்லை. மூன்றாவது, நான்காவது செஷனில் நேராகக் கேளுங்கள்: "என் பிரச்சினை என்னன்னு நினைக்கிறீங்க? எந்த வழியில போறோம்? எத்தனை வாரத்துல பாக்கணும்?" எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சி.பி.டி. முறையில் பொதுவாக 12 முதல் 20 செஷன் வரை போகும். வேறு முறைகள் இன்னும் நீளலாம். ஒரு திட்டம் அவர் மனதில் இருக்க வேண்டும், அது உங்களுக்கும் தெரிய வேண்டும்.

9. வீட்டில் செய்யச் சொல்வதைச் செய்யுங்கள்

வாரத்தில் முக்கால் மணி நேரம் அங்கே. மீதி நேரம் முழுக்க வீட்டில். மாற்றம் வீட்டில்தான் நடக்கும். மனம் சோர்ந்தவருக்கு, பிடிக்கிறதோ இல்லையோ தினம் இந்த நேரத்தில் ஆற்றங்கரை வரை நட என்பார்கள். உற்சாகம் வந்த பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது. நடக்க நடக்கத்தான் வரும்.

பயத்துக்கும், ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் ஓ.சி.டி.க்கும் கொடுக்கும் பயிற்சி கடினமானது. நம் பக்கம் ஓ.சி.டி. பல வருஷம் "அவ ரொம்ப மடி, ஆசாரம்" என்ற பெயரில் வீட்டில் மறைந்திருக்கும். கையைக் கழுவாமல் பத்து நிமிடம் இரு, அப்புறம் இருபது நிமிடம் இரு என்று படிப்படியாகப் போவார்கள். கழுவினால் பதற்றம் உடனே அடங்கும், அதனால்தான் மறுபடி கழுவத் தோன்றும். கழுவாமலே பதற்றம் தானாக இறங்கும் என்பதை நீங்களே அனுபவித்துப் பார்க்க வேண்டும். வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு: "சுத்தமாத்தான் இருக்கு" என்று நூறு தடவை உறுதி சொல்வதை நிறுத்துவது.

செய்யாமல் போய்விட்டால் செஷனை ரத்து செய்யாதீர்கள். "செய்யலைங்க" என்று சொல்லிக்கொண்டே போங்கள். ஏன் முடியவில்லை என்பதே அன்றைய பேச்சாகிவிடும். எழுதச் சொன்னால் நோட்டில் எழுத வேண்டாம், வீட்டில் யாராவது படிப்பார்கள். பூட்டுப் போட்ட செல்போனில் எழுதுங்கள்.

10. ஒத்துவரவில்லை என்றால்

ஒத்துவராதது வேறு, தப்பு நடப்பது வேறு. பேச்சு ஓட்டம் பிடிக்கவில்லை, வயசு இடிக்கிறது என்றால் ஒரு முறை அவரிடமே சொல்லிப் பாருங்கள். பலமுறை அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால், "வேற யாரையாவது சொல்லுங்க" என்று கேட்டு மாறலாம். அவருக்கு இது புதிதல்ல.

தப்பு என்றால் விளக்கம் கேட்க நிற்க வேண்டாம், வெளியேறுங்கள். தொடுவது, ஆபாசமாகப் பேசுவது, கடன் கேட்பது, வரன் பார்த்துத் தருகிறேன் என்பது, தன் மதத்துக்கோ கட்சிக்கோ இழுப்பது, "டாக்டர் மாத்திரையை நிறுத்து" என்பது எல்லாம் இதில் வரும்.

11. மாத்திரையும் கோயிலும்

மனச்சோர்வு, பதற்றத்துக்கு எழுதும் மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். முதல் வாரத்தில் வயிற்றுப் பிரட்டல், தலைவலி வரலாம். அதனால் "மாத்திரை சேரலை" என்று பலர் தூக்கிப் போடுவது பலன் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான். தேறிய பிறகும் சட்டென்று நிறுத்தக் கூடாது. டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார்.

குணசீலம், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி என்று வேண்டுதல் இருந்தால் போய் வாருங்கள். கவுன்சிலரிடமும் மறைக்க வேண்டாம்; நல்லவர் கேலி செய்ய மாட்டார். ஒரு மண்டலம் தங்குவதாக இருந்தால் மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். விரதம் இருந்தால் எந்த நேரத்தில் போடுவது என்று முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

12. வீட்டில் என்ன சொல்வது

எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒருவருக்குச் சொல்லுங்கள், பஸ்ஸுக்கும் பணத்துக்கும் அவசரத்துக்கும் ஒரு ஆள் வேண்டும். மற்றவர்களுக்கு, "தூக்கம் வரலை, டாக்டரைப் பாக்குறேன்" என்பது போதும், அது பொய்யும் இல்லை.

13. நாள் தவறாமல் போக

வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் அதிகம் விழும் ஞாயிறைத் தவிர்க்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோடு போய்விட்டால் அந்த வாரம் போனில் பேச முன்பே ஏற்பாடு செய்யுங்கள். தை, மாசியில் சம்பா அறுப்பு என்றால் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று முன்கூட்டியே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சொல்லாமல் ஒரு வாரம் விட்டவர்கள், கூச்சத்தில் இரண்டாவது வாரமும் போவதில்லை.

14. நிறுத்தும்போது

முதல் செஷனுக்கு முன் எழுதிய தாளின் கடைசி வரியை எடுத்துப் பாருங்கள். அதில் எழுதியதைச் செய்துகொண்டிருந்தால் நிறுத்துவது பற்றிப் பேசலாம். வாரம் ஒன்று என்பது இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதம் ஒன்று என்று விலகும். கடைசி செஷனில், பழைய நிலை திரும்புவதற்கான உங்கள் முதல் அறிகுறிகள் என்ன என்று அவரோடு சேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது இரவு இரண்டு மணி விழிப்பு, இன்னொருவருக்குப் போன் எடுக்காமல் விடுவது.

சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சட்டப்படி அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ரத்தப் பரிசோதனை, மாத்திரைச் சீட்டு, அந்த டிக் அடித்த தாள்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். பின்னால் வேறு ஊரில் வேறு ஒருவரிடம் போக நேர்ந்தால், முதல் இரண்டு செஷன் கேள்விகளில் பாதி அந்த ஃபைலிலேயே முடிந்துவிடும்.